வதனி ஏறாத விமானம்

மார்ச் 12, இரவு

என் மனைவி வதனியின் தாய் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்று விமானம் ஏறினால்தான் அவள் தாயை உயிரோடு பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"எயார்போட்டுக்கு ரயிலிலை போவமப்பா, அது நேரத்துக்குப் போகும்" என்று காலையில் சொன்னாள்.

"ரயிலோ? ஷெல்லடிக்குள்ளை லொறி ஓடின மனுசனடி நான். வாடகைக்குக் கார் எடுத்து ராணி மாதிரிக் கொண்டுபோய் இறக்குறன்" என்றேன். என்னைப் போல் கார் ஓடக்கூடியவன் இந்த இத்தாலிப் பலெர்மோவிலேயே இல்லை. ஓடத் தந்தால்தானே!

கார் வாடகைக்கு விடுகிறவன் என் இலங்கை லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இங்கே குடியிருப்பவனுக்கு அது ஒரு வருடம்தான் செல்லுமாம். நான் வந்து பதினொரு வருடம். அவனோடு அரை மணி நேரம் வாதாடினேன். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது என்று எழுத ஆசைதான். வியர்த்தது எனக்கு. பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேசனுக்கு ஓடினோம். ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்தபோது விமானமும் போய்விட்டது.

பின்னேரம் மாமி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி போனில் கேட்டார்: "பிள்ளை வெளிக்கிட்டிட்டாளோ?"

"ஓம் மாமி, நானே காரிலை கொண்டுபோய் ஏத்திவிட்டனான்."

வதனி பக்கத்தில்தான் இருந்தாள். தாய்க்குக் கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போட்ட கோட்டை இன்னும் கழற்றவில்லை.