வெள்ளை ஸ்ட்ராவில் மீண்டும் ஓர் அளவீடு

அனுப்புநர்:
காந்த அளவீட்டு அறைத் தொழில்நுட்பர்,
வேதியியல் ஆய்வகம், கீழ்த்தளம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அதே ஆய்வகம், மேல்தளம்.

பொருள்: காலமான என் மனைவி தயாரித்த ஊதாப் படிகங்களைக் கழிவுக்கு அனுப்புமுன் மீண்டும் அளக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. என் மனைவி இங்கே வேதியியலாளராக இருந்தார். ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனிக் காந்தமாக நடந்துகொள்ளும் பொருள்களைச் செய்வதே அவர் வேலை. அவற்றைக் குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவுக்குள் வைத்துத்தான் கருவியில் இறக்குவோம். தாங்கள் அறியாததல்ல.

2. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளை ஸ்ட்ரா தீர்ந்துவிட, கேன்டீனிலிருந்து சிவப்புக் கோடு போட்டதை எடுத்துவந்தார். திரையில் கோடு எகிறியது. "காந்தம்! காந்தம்! யாராச்சும் என்னைப் பிடிங்க!" என்று வராந்தா முழுக்க ஓடினார். பிடித்தவன் நான், பிறகு விடவில்லை, மணந்துகொண்டேன். அன்று அந்தக் காந்தத்துக்காகக் கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்த பிறகு வெறும் ஸ்ட்ராவை அளந்தோம். காந்தம் சிவப்புச் சாயத்தில் இருந்தது. "தின்ன கேக்கை யாரும் துப்ப வேணாம்" என்று அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றுமுதல் அவர் 'ஸ்ட்ரா மேடம்'.

3. அதன்பின் அவர் செய்த மூலக்கூறுகள் கடுங்குளிரில் காந்தமாக இருந்தன. குளிர் சற்றுக் குறைந்ததும் தம் காந்தத்தை மறந்தன. "மறதியில உன்னை மாதிரியேடா" என்பார். சென்ற குளிர்காலத்தில் ஊதாப் படிகம் வந்தது. குளிரைக் குறைத்துக்கொண்டே போனாலும் அது தன் காந்தத் திசையை விடவில்லை. "ஓடி வாடா, இது விடவே மாட்டேங்குது!" என்று போன் செய்தார். ஒரு செருப்பைப் படிக்கட்டில் விட்டுவிட்டு ஓடினேன். கைகோத்துக் கருவியைச் சுற்றிச் சுற்றி ஆடினோம். காவலாளி எட்டிப் பார்த்து, "சார், ஏதாச்சும் தீப்பிடிச்சிடுச்சா?" என்றார். மறுபடி அளக்குமுன் காய்ச்சலில் படுத்தார். எழவில்லை.

4. ஆய்வுக் குழு, 'இதுவும் ஸ்ட்ராதான்' என்று முடிவெழுதிவிட்டது. நாளை படிகங்கள் கழிவுக்குப் போகின்றன. அன்று பயன்பட்ட ஸ்ட்ரா குப்பையோடு போய்விட்டது. அது வெள்ளைதான் என்று சத்தியம் செய்ய ஆசை. பார்க்கவில்லை, ஆகவே செய்ய மாட்டேன்.

5. எனவே, வெள்ளை ஸ்ட்ராவில் ஒரே ஒரு முறை அளக்க உத்தரவிட வேண்டுகிறேன். அளப்பவன் நானாக இருக்க வேண்டாம். அது காந்தமோ இல்லையோ, இரண்டும் ஒன்றுதான் என்றிருக்கும் ஒருவர் அளக்கட்டும். நான் வெளியே நிற்கிறேன். கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள். என் முகத்தைப் பார்த்தால் அவருக்கு மனம் இளகி, இல்லாத காந்தமும் திரையில் தெரிந்துவிடும்.

இடம்: கீழ்த்தளம்
நாள்: வியாழக்கிழமை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
காந்த அளவீட்டு அறைத் தொழில்நுட்பர், ஸ்ட்ரா மேடத்தின் கணவன்