என் பங்கும் வரதன் தோளில்

யுவ வருஷம், ஐப்பசி 4

விடியற்காலம் தொட்டு மழை. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம். வலது கைக் கட்டைவிரலும் அடுத்த விரலும் இன்றும் மரத்தே கிடந்தன. காப்பி டம்ளர் நழுவிற்று.

"ஏன்னா, கை வலிக்கறதா?" வேதவல்லிதான்.

"ஈரம். வழுக்கிடுத்து."

துணியை எடுத்துத் துடைத்தாள். நம்பினாளோ என்னவோ. மனைவியிடம் பொய் சொல்லும் வயதா இது.

சாயங்காலம் பெருமாள் புறப்பாடு. வழக்கம்போல் பெருமாளைத் தூக்கும் முன் தண்டில் நான், எனக்குப் பின்னால் தம்பி வரதன். ஒரே உயரம் என்று அப்பா காலம் முதல் எங்களைச் சேர்த்தே நிறுத்துகிறார்கள். கல் எல்லாம் வழுக்கல். நடை போடும்போது தோளில் தண்டு இருப்பதே பாதி நேரம் தெரியவில்லை.

ஐப்பசி 9

வெயில். திருவெள்ளறை வைத்தியர் வந்திருந்தார். கழுத்தை அமுக்கினார். முழங்கை வரை சுரீர் என்றது.

"கழுத்துலேருந்து எறங்கற வாதம். இனிமே பாரம் தூக்காதீங்க, சாமி."

"பெருமாளைப் பாரம்னு சொல்லாதேயும்."

கழுத்திலிருந்து கையை எடுத்தார். "பெருமாள் பாரமில்லீங்க. தண்டு பாரம்."

வாங்க வேண்டியது: நொச்சி இலை, நல்லெண்ணெய், ஒத்தடத்துக்குப் பழைய வேட்டி (வீட்டிலேயே இருக்கிறது). பேரக் குழந்தைக்குச் சிலேட்டு.

ஐப்பசி 17

புறப்பாடு முடிந்து தூண் மறைவில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன். பின் தண்டுக்காரர்கள் இரண்டு பேர் பேச்சு.

"முன்னாடி ஒரு பக்கம் தாழறது, பாத்தியோ?"

"வரதன் இருக்கானோ, பொழைச்சுது."

என்னைப் பார்க்கவில்லை. போகும் வழியில் வரதனிடம் கேட்டேன். "அவாளுக்கு வேற வேலை இல்லேண்ணா" என்று சிரித்தான். அவன் வீட்டு வாசற்படி ஏறும்போது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டான். பார்த்தேன். கேட்கவில்லை.

கார்த்திகை 2

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும், இனி என்னால் ஆகாது என்று. போன வாரமும் இப்படித்தான் நினைத்தேன். கடைத்தெருவில் போனால் என் தோள் காய்ப்பைப் பார்த்து வழி விடுகிறார்கள். சந்நிதியில் நான் நிற்க ஓர் இடம் இருக்கிறது. தண்டை விட்டுவிட்டால் நான் யார்? கும்பலில் எட்டிப் பார்க்கிற ஒருத்தன்.

ஒத்தடம் இரண்டு வேளை. பலன் இல்லை. சாப்பிடும்போது இடது கை நீளுகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

கார்த்திகை 11

எழுதவே கை வரவில்லை. இன்று நடந்தது.

தூறல். மூலை திரும்பும்போது என் கை செத்தது. தோள் தண்டைவிட்டு நழுவிற்று. கண் மூடித் திறக்கிற நேரம்தான். என் பங்கும் சேர்ந்து வரதன்மேல் இறங்கிவிட்டது. அவன் வாயிலிருந்து ஒரு சத்தம். பெருமாள் சாயவில்லை. மாலையில் ஒரு பூ நகரவில்லை. அப்படியே மண்டபம் வரை வந்து, தண்டை இறக்கியபிறகுதான் கீழே உட்கார்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை.

கட்டிலில் போட்டுக் கொண்டுபோனார்கள். பெருமாளைத் தூக்கின அதே தோள்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். வேறெதற்கும் உதவவில்லை.

கார்த்திகை 13

ஜட்காவில் படுக்க வைத்து அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரி. காவிரிப் பாலம் முழுக்க ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தான். டாக்டர் ஆரோக்கியசாமி. பொறுமையானவர், கழுத்தில் சிறிய சிலுவை. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். வரவில்லை. இன்னொரு தரம். பாதம் தொங்கிக்கொண்டே இருந்தது.

என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் பேசினார். "இடுப்புகிட்ட முதுகெலும்புல நரம்பு நசுங்கியிருக்குங்க. ஒரே நாள்ல வந்ததில்லை இது. பாரம் ஒரு பக்கமாவே எறங்கிட்டிருந்திருக்கு. எப்போலேருந்து வலின்னு கேட்டேன். ஆடியிலேருந்துங்கறார்."

என் கை மரத்துப்போக ஆரம்பித்தது ஆடியில்.

டாக்டர் என் கையையும் பார்த்துவிட்டார். ஊசியால் குத்தினார், எனக்குத் தெரியவில்லை. "உங்களுக்குக் கழுத்துல, அவருக்கு இடுப்புல. ரெண்டு பேரும் இனிமே தூக்கக் கூடாதுங்க."

பலகைமேல் படுக்கை. காலில் கயிறு கட்டி, கட்டில் முனையில் செங்கல் தொங்கவிட்டிருக்கிறார்கள். எலும்பு இழுபட்டால் நரம்பு விடுபடுமாம். விடுபட்டாலும் பாதம் திரும்புமா என்பதைச் சொல்லவில்லை.

கார்த்திகை 20

ஆஸ்பத்திரி. வரதன் மனைவி பத்மா அவனுக்கு ரசம் சாதம் ஊட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அப்போது கேட்டேன்.

"நோக்குத் தெரியுமாடா?"

"பின்னாடி நிக்கறவனுக்குத் தெரியாமப் போயிடுமாண்ணா?"

"ஏன் சொல்லலே?"

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

பக்கத்துக் கட்டில்காரர் எங்களுக்கு ஆரஞ்சுச் சுளை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மார்கழி 6

பனி. என் கழுத்தில் தோலால் ஆன பட்டை மாட்டியிருக்கிறார்கள், தலையைத் திருப்ப முடியாது. கோயிலில் போய்ச் சொல்லியாயிற்று. நினைத்திருந்ததைவிடச் சுலபம். "சரி ஸ்வாமி" என்றார்கள், அவ்வளவுதான். ஐப்பசியிலேயே சொல்லியிருக்கலாம்.

வரதன் வீட்டுக்கு வந்துவிட்டான். மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. வலி குறைந்திருக்கிறது. பாதம் தொங்கல்தான். தடி ஊன்றி நாலடி நடந்தால் விரல் தரையில் இழுபடுகிறது. பத்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து வைக்கிறாள், போகிறாள். கார்த்திகையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

தை 8

உத்தர வீதியில் பெருமாள். தெரு முழுக்கக் கோலம். நான் வரதன் வீட்டில். மேளம் கிட்டே வந்ததும், "அண்ணா, என்னைத் தூக்கி உட்கார வை" என்றான்.

கட்டில் ஜன்னலோரம்தான். இடது கையை முதுகுக்கு அடியில் கொடுத்தேன். வலது கை அவன் அக்குளைப் பிடிக்கவில்லை. நழுவிற்று. மறுபடியும். மாவுக்கட்டோடு என்ன கனம். இத்தனை வருஷம் பெருமாளைத் தூக்கினவனால் என் தம்பியை ஒரு முழம் தூக்க முடியவில்லை.

"தள்ளிக்கோங்கோ" என்று பத்மா வந்தாள். மடியில் சாய்த்து நிமிர்த்தினாள். பெருமாள் நின்றார். தாங்கினவர்கள் புதியவர்கள், சின்ன வயசு. வரதன் கைகூப்பினான். கண்ணைத் துடைக்கவும் இல்லை. ஆரத்தி ஆயிற்று, நகர்ந்துவிட்டார்கள்.

அவனைப் படுக்க வைத்துவிட்டுப் பத்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைலேர்ந்து கார்த்தால வாங்கோ. டாக்டர் பாதத்தை அசைச்சு அசைச்சு எண்ணெய் தேய்க்கச் சொல்லிருக்கார். அதுக்கு எடது கை போறும்."

வருகிறேன் என்றேன்.