மேலே ஒரு ரூபாய்

பார்சலைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசம் அடுக்களை வரைக்கும் பரவியது. உள்ளே பழுப்பேறிய சினிமாப் பாட்டுப் புத்தகம். டைப்பிங் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நாகர்கோவிலில் நீயும் நானும் பார்த்த முதல் படத்தினுடையது. கடைசியில் கிடைத்துவிட்டது, ஏட்டி. காட்டுவதற்குத்தான் நீ இல்லை.

அன்று இடைவேளையில் இதை விற்றுக்கொண்டு வந்தார்கள். நம் கையில் தோவாளைக்குத் திரும்ப பஸ் காசு மட்டுமே இருந்தது. புத்தகத்தை வாங்குவோம், நடந்தே போய்விடலாம் என்றாய் நீ. நேரமானால் வீட்டில் தோலை உரித்துவிடுவார்கள் என்று பயந்து நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன். "ஒனக்க பேடியில எனக்க புத்தகம் போச்சு" என்று அறுபது வயதிலும் சொல்லிக் காட்டினாயே!

கல்யாணமாகி அருமனைக்கு வந்துவிட்ட எனக்கு, மகன் குவைத்திலிருந்து ஃபோன் வாங்கி அனுப்பிய பிறகுதான் இந்த ஆன்லைன் ஏலப் பைத்தியம் பிடித்தது. பழைய பாட்டுப் புத்தகம், நடிகை படம் போட்ட தீப்பெட்டி, காலண்டர் எல்லாம் அதில் வரும். கேட்பவர் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். அதில் ஒரு எண் எனக்கு எமனாக வந்தது. நான் நூறு என்றால் அது நூற்றொன்று. முடியப் போகும் நேரத்தில் மேலே ஒரு ரூபாய் வைத்துத் தட்டிக்கொண்டு போய்விடும். யார் பெற்ற பிள்ளையோ என்று கரித்துக் கொட்டினேன்.

உன் பேத்தியின் காதுகுத்துக்குத் தோவாளைக்கு வந்தபோது பார்த்தால், நான் கோட்டைவிட்ட தீப்பெட்டிகள் அத்தனையும் உன் கண்ணாடி அலமாரியில்!

"ஏட்டி, அந்த நூத்தொண்ணு நீயா?"

"பின்னே? பூச்சந்தையில வளந்தவ சைபர்ல நிப்பாட்டுவாளா? வெளங்காது, கேட்டியா?"

சிரித்துச் சிரித்து உனக்கு இருமலே வந்துவிட்டது. அதற்குப் பிறகாவது விட்டுக்கொடுத்தோமா? தெரிந்தே அடித்துக்கொண்டோம். இந்தப் புத்தகத்துக்கு மட்டும் ஒரு பேச்சு வைத்திருந்தோம். யார் எடுத்தாலும் ஆளுக்கு ஆறு மாதம்.

"மொதல் ஆறு மாசம் எனக்கு. பேடிச்சவ பொறவு வாங்கினா போதும்."

ஆடியில் நீ போனாய். போன வாரம் புத்தகம் ஏலத்துக்கு வந்தது. நூற்றைம்பது என்று கேட்டுவிட்டு, பாலை அடுப்பில் வைத்தபடி ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே யாரும் கேட்கவில்லை. கடைசி நிமிடமும் வந்தது. இதோ வருவாள், இதோ வருவாள் என்று என் பாழாய்ப்போன மனசு காத்திருந்தது. பால் பொங்கி வழிந்தது. இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நூற்றைம்பத்தொன்று என்று நானே போட்டேன்.

ஏலம் நடத்துகிறவர் மறுநாள் ஃபோன் செய்தார்.

"அக்கா, உங்க மேல நீங்களே ஏத்தியிருக்கீங்களே, தெரியாம கை பட்டுடுச்சா?"

"இல்ல தம்பி. அந்த ஒரு ரூவா எனக்க கூட்டுகாரிக்க பேர்ல."

முதல் ஆறு மாதம் உனக்குத்தான். உன் அலமாரியில் இடம் ஒதுக்கி வைக்க உன் மருமகளிடம் சொல்லிவிட்டேன். நாளை புத்தகத்தைக் கொண்டு வருகிறேன். முட்டு வலிதான், ஆனாலும் பஸ்ஸில் தோவாளை வரைக்கும் வரமாட்டேன். வெள்ளமடத்திலேயே இறங்கிவிடுவேன். மீதி தூரம் நடந்தே வருகிறேன், ஏட்டி.