மார்செய் கடையில் நான் சொன்ன ஊர்

ஒக்டோபர் 14, செவ்வாய்

பிரான்சின் மார்செயில் இருந்து திரும்பி ஒரு கிழமை ஆகிறது. மலைமேல் மாதா கோயிலின் கூரையில் தொங்கிய சின்னக் கப்பல்களைப் பற்றி எழுதத்தான் கொப்பியை எடுத்தேன். மனம் அந்தத் துறைமுகச் சாப்பாட்டுக் கடையிலேயே நிற்கிறது.

மீன் சூப் கொண்டுவந்தவர், நாங்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டுச் சிரித்தார்.

"அண்ணை, ஊரில எவடம்?"

"மன்னார்" என்றார் என் கணவர். முப்பது வருடத்தில் இவர் ஊரை மாற்றிச் சொன்னதே இல்லை. பகிடி என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"இல்லைத் தம்பி, இவர் நெடுந்தீவு. இப்ப ஒஸ்லோவில, ரொம்மன் பக்கம் இருக்கிறம்."

அந்தத் தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. யாரையோ அடையாளம் கண்டவர்போல இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் சூப்பைத் தொடவில்லை.

இன்று வேலையால் வந்தபோது, கீழ்வாசலில் எங்கள் மணிக்குப் பக்கத்திலிருந்த பெயரட்டையைக் காணவில்லை. இவர்தான் கழற்றினாராம். ஏனென்று கேட்டேன்.

"ஊரைச் சொன்னது போகட்டும். ரொம்மனையும் ஏன் சொன்னனீர்?"



சாப்பிடும்போது மணி அடித்தது. பெயர் இல்லாத எங்கள் மணியை யாரோ சரியாக அழுத்தியிருக்கிறார்கள். நான் எழும்பினேன். இவர் என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, விளக்கை அணைத்தார்.