கெட்டி அட்டையில் உன் பெயர்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை கடையில் ஒரு கல்லூரிப் பெண்ணின் கண் முன்னால் அட்டையை முகர்ந்து பார்த்து மாட்டிக்கொண்டேன். ஏதோ கருத்தரங்குக்குச் சான்றிதழ் அடிக்க வந்தவள். பிரிண்டரின் முதுகுப் பக்கத்திலிருந்து சூடாக வெளியே வந்த முதல் அட்டையை எடுத்தேன், கண்ணை மூடினேன், மூக்கில் வைத்து இழுத்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் கல்லாவை விட்டு நன்றாகப் பின்னால் நகர்ந்து நின்றிருந்தாள்.

"குவாலிட்டி செக்கிங்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. பாக்கி அட்டைகளை நான் தொடாமல் அவளே எடுத்துக்கொண்டாள். ஐம்பதை நெருங்கும் ஒரு தொப்பைக்காரன் இப்படி நடந்துகொண்டால் எந்தப் பெண்தான் நம்புவாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "மூக்கால டெஸ்ட் பண்ற ஒரே இன்ஸ்பெக்டர் நீதான் குரு" என்று சொல்லி என் மானத்தின் மிச்சத்தையும் வாங்கியிருப்பாய். பெங்களூர்க்காரர்களைப் போல டீ மாஸ்டரிலிருந்து மேனேஜர் வரை எல்லாரையும் நீ குரு என்றுதான் கூப்பிடுவாய். அதனால் எனக்கு அதில் பெருமை ஒன்றும் கிடையாது.

சூடான அட்டைக்கு ஒரு வாசனை உண்டு. இஸ்திரி போட்ட சட்டையும் புதுப் புத்தகமும் கலந்த மாதிரி. அது வந்தால் நீயும் வந்துவிடுகிறாய். நான் என்ன செய்ய.

சிப்காட்டில் ஒரே கம்பெனியில் இருந்தோம். நீ குவாலிட்டி, நான் ஸ்டோர்ஸ். நான் அனுப்பும் சரக்கில் சிவப்புச் சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்புவதே உன் பிழைப்பு. கம்பெனி செட்டில்மென்ட் கொடுத்தபோது நான் வாங்கிக்கொண்டு பாகலூர் சாலையில் ஜெராக்ஸ் கடை போட்டேன். நீ அங்கேயே இருந்தாய். "உன் கடைக்கு நான் வந்தா எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிடுவேன், அதான் வரதில்ல" என்பாய். பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாய். வந்த பிறகு, என் கடைப் பக்கமே வராதவன் வந்தாய்.

ஒரு மத்தியானம் ஆட்டோவிலிருந்து இறங்கினாய். வெயிலில் குரங்குக் குல்லா. கையில் ஒரு பை. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு பேசினாய்.

"பொண்ணுக்குக் கல்யாணம் குரு. பத்திரிகை நீதான் அடிக்கற."

"எங்கிட்ட இருக்கறது ஆதார் ஜெராக்ஸ் எடுக்கற மிஷின்யா. பத்திரிகைக்கு பிரஸ் இருக்குது, போ."

"பிரஸ்ல ரெண்டு வாரம் கேக்கறாங்க. அந்த ரெண்டு வாரம் எங்கிட்ட இருக்குதான்னு நீ போயி டாக்டரக் கேட்டுட்டு வா."

நான் பிரிண்டரைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

உனக்கு என்ன வேண்டும் என்பதை நீ சுற்றி வளைக்கவில்லை. பத்திரிகையில் இறந்தவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போடுவது நம் பக்கத்து வழக்கம். அதுதான் உனக்கு ஆகவில்லை. "உசுரோட இருந்தவரைக்கும் ஒருத்தனும் திருன்னுகூடக் கூப்டல. செத்ததும் தெய்வத்திருவா" என்றாய். அதைவிடப் பெரிய சங்கடம் உன் அண்ணன். நீ போய்விட்டால் அழைப்பது அவர் பெயரில் என்று ஆகிவிடும். போர்வெல் தண்ணீர் விஷயத்தில் அவரோடு நீ பேச்சை நிறுத்தி எத்தனையோ வருஷம். "அவன் பேருக்கு முன்னாடி முன்னாள் அது, முன்னாள் இதுன்னு நாலு வரி வரும். எம் பேரு அதுங்க காலடியில கெடக்கும். எம் பொண்ணுக்கு நான்தான் கூப்பிடணும் குரு. கூப்ட்டுட்டுப் போறேன்."

பையிலிருந்து அட்டையை எடுத்தாய். அதைப் பத்திரிகை அட்டை என்று சொல்ல மாட்டேன், கதவுப் பலகை என்று சொல்லலாம். பழைய மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து தடிமன் வேறு அளந்து காட்டினாய். என் லேசர் பிரிண்டர் இதை விழுங்காது என்றேன்.

"கெட்டியா இருக்கணும் குரு. கையில வாங்கறவன், இவன் வூட்ல இன்னும் பலம் இருக்குதுன்னு நெனைக்கணும்."

சரியென்று கீழ்த் தட்டில் வைத்து அடித்தேன். பாதியில் கடித்துக்கொண்டு நின்றது. அதைப் பிடுங்குவதற்குள் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அடுத்ததைக் கையால் மேலே கொடுத்தேன். இந்த முறை முழுதாக வெளியே வந்தது, எழுத்தும் பளிச்சென்று இருந்தது. நான் மார்பைத் தட்டிக்கொள்ளப் போனேன். நீ கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினாய். சூடு போதாமல் மேலாக ஒட்டியிருந்த கறுப்பு, மாவு போல உதிர்ந்தது. நீ கீறிய இடம் உன் பெயர்.

நகத்தில் ஒட்டிய பொடியை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரிஜெக்ட்" என்றாய்.

அப்புறம் ஒரு சுற்று இறங்கி, கொஞ்சம் மெல்லிய அட்டைக்கு உன்னைச் சம்மதிக்க வைத்தேன். கம்ப்யூட்டரில் கெட்டிக் காகிதம் என்று மாற்றிக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் மிஷின் மெதுவாக ஓடும், சூடு கூடுதலாக வைக்கும். அட்டை வளையாமல் நேராகப் போகப் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். ஒவ்வொன்றாக நான் கொடுக்க, பின்னால் நின்று நீ வாங்கினாய். பிள்ளைப்பேறு பார்ப்பது போலத்தான் இருந்தது. நீ கீறினாய், உதிரவில்லை. மறுபடி கீறினாய், உதிரவில்லை. "ஓகே" என்றாய். கம்பெனியில் இருந்த காலத்தில் என் சரக்குக்கு நீ அப்படி உடனே ஓகே சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசலில் ஒருவருக்குக் குடும்ப அட்டை நகல் எடுத்துக் கொடுக்க நான் திரும்பிய சமயம், நீ உன் கைவரிசையைக் காட்டினாய். குலசாமிக்குப் போகிற முதல் பத்திரிகை வெறுமையாக உள்ளே போகக் கூடாதாம். அடித்து முடித்த பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள் தடவுவதுதான் உலக வழக்கம். நீயோ வீட்டிலிருந்து குழைத்து எடுத்துவந்த மஞ்சளை வெறும் அட்டையின் நாலு மூலையிலும் ஈரத்தோடு அப்பி, நீயே மிஷினுக்குள் தள்ளிவிட்டாய். கடை முழுக்கத் தாளித்த வாசனை.

"என்னய்யா பண்ண?"

"சாஸ்திரம் குரு."

"உள்ள இருக்கறது உருளைய்யா, ஒரலு இல்ல."

உள்ளே உருளையில் பிடித்த மஞ்சள் அதன்பிறகு வந்த ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் தானாகவே விழுந்தது. நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நான் தண்ணீர் கொடுத்து, தண்ணீர் இறங்கியதும் மறுபடி சிரித்தாய். "கையால தடவற வேல மிச்சம்" என்றாய். மிச்சம் உனக்கு. அடுத்து வந்த நாட்களில் என் கடையில் பிரிண்ட் எடுத்த அத்தனை பேருக்கும் மங்கல மஞ்சள் போனது. ஒருவருடைய விவாகரத்து மனுவுக்கும் போனது. அவர் சந்தோஷமாகத்தான் வாங்கிப் போனார். பிறகு உருளையை மாற்ற வந்த மெக்கானிக், "இதுல சமையல் பண்ணீங்களாண்ணா" என்று கேட்டான்.

மாப்பிள்ளை வீடு கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளி என்பதால் மறுபக்கம் கன்னடத்தில் வரவேண்டும். ஒரு பக்கம் சூடு பட்ட அட்டை ஓடு போல வளைந்துவிடுகிறது. வளைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் மிஷின் கடிக்கிறது. பாரம் வைத்து நிமிர்த்த வேண்டும். நீ அட்டைக் கட்டை ஸ்டூலில் வைத்து, துண்டைப் போட்டு, மேலே உட்கார்ந்தாய். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பார்த்தாய். வளைவு அப்படியே இருந்தது.

"என் வெயிட்டுக்கு இது நிமிராது குரு. நீ உக்காரு."

நான் உட்கார்ந்தேன். உன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை நிமிர்ந்தது என் பிட்டத்தால் என்பதை உன் சம்பந்தி வீட்டார் இன்றுவரை அறியார்.

இப்படியே பல மத்தியானம் போனது. அடித்தது கொஞ்சம், பேசியது நிறைய. பழைய மேனேஜரின் விக் பறந்த கதையை எனக்கே திரும்பச் சொன்னாய், நானும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டேன். வேலை ஓடவில்லையே என்று நான் அவசரப்பட்டால், "மெதுவா போ குரு, வூட்டுக்குப் போனா ஆப்பிள் தொல்ல" என்பாய். பார்க்க வருகிறவன் எல்லாம் ஆப்பிளும் அழுத முகமுமாக வருகிறான் என்று உனக்கு எரிச்சல். "இங்கதான் என்னத் திட்டறதுக்கு ஆளு இருக்குது."

பத்திரிகையை நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய். வாடகைக் கார் பிடித்து, உத்தனப்பள்ளி, கெலவரப்பள்ளி, காவேரிப்பட்டினம் என்று உன் மனைவியோடு சுற்றினாய். சம்பந்தி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து "சென்னாகிதே", நன்றாக இருக்கிறது என்றாராம். அண்ணன் வீட்டுக்கும் போனாய். அவர் உட்காரக்கூடச் சொல்லாமல் நெடுநேரம் பத்திரிகையையே பார்த்தாராம். கடைசியில், "அட்டை கெட்டியாத்தான் இருக்குது" என்றாராம். போனில் இதைச் சொல்லும்போது உன் குரலில் அப்படி ஒரு தெம்பு.

கல்யாணத்துக்கு முந்தின மாசம் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்து பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். வருஷம் திரும்பட்டும் என்றார் ஒருவர். அடுத்த தையில் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். உன் பெண் தூணோரம் தலை குனிந்து நின்றாள். உன் அண்ணன்தான் எழுந்தார். "எந்தம்பி கூப்ட்டுட்டான். ஊரெல்லாம் அவன் குடுத்த பத்திரிகைய கையில வெச்சினு இருக்குது. கூப்ட்டது கூப்ட்டதுதான்" என்றார். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றேன். கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், மூலையில் மஞ்சள் தெரியப் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு, உன் பெயரைச் சுட்டி, இவர் எங்கே, வணக்கம் சொல்ல வேண்டும் என்றார். முன்னால் ஒன்றும் சேராத வெறும் பெயர். நாம் அடித்தது போலவே அழுத்தமாக இருந்தது. "மொதல்ல சாப்பிடுங்க சார்" என்று பந்திப் பக்கம் கைகாட்டினேன்.

இன்றும் எந்த அட்டை வெளியே வந்தாலும் நகத்தால் கீறாமல் கொடுப்பதில்லை. ஓகே என்று நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன், நீ சொன்னது போல வருவதில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையை அளக்கிறேன். பிரஸ்காரன் கைவிட்ட நேரத்தில் ஒரு நண்பனின் பெயரை அவன் உயிரோடு இருக்கும்போதே அடித்துக் கொடுத்தவன் நான் என்று. ஒவ்வொரு முறையும் என் பங்கு கொஞ்சம் பெரிதாகிறது.

போன வாரம் உன் மனைவி ஏதோ நகல் எடுக்க வந்தார். அவரிடமும் ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பிரஸ்ல எங்க நாள் கேட்டாங்கண்ணா. கிருஷ்ணகிரில அடிச்ச பத்திரிகை, அவரு உங்க கடைக்கு வரதுக்கு முன்னாடியே வூட்டுக்கு வந்துடுச்சே. பரண் மேலதான் கெடக்குது, கட்டுகூடப் பிரிக்கல. தங்க எழுத்து."