கறுப்புத் திரைக்குள்ள அப்பா

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

இங்க மேனேஜருங்க காட்டுற ஸ்லைடுக்குள்ள வீடியோ ஓட வைக்கிறதுதானே என் வேலை? போன்ல எடுத்ததை வேற ஃபார்மட்டுக்கு மாத்தணும். மாத்தலைன்னா சத்தம் மட்டும் வரும், படம் வராது.

ஸ்பீக்கரைச் சோதிக்க, அப்பா நம்மளை விட்டுப் போறதுக்கு முந்தின வாரம் அனுப்பின வீடியோவைத்தான் மாத்தாமலே போடுவேன். நேத்து அதை ஸ்லைடுலேருந்து எடுக்க மறந்துட்டேன். மீட்டிங் நடுவுல திரை கறுப்பா நிக்குது, உள்ளேருந்து அப்பா கேக்கறார்: "ஓடுதாடா? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

பன்னெண்டு பேர் முன்னாடி, "ஓடுதுப்பா"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.

அவர் போனை யாருக்கும் குடுத்துடாதே, சார்ஜ் போட்டு வை. அவர் முகம் தெரியற வீடியோ இருந்தா அனுப்பு. எங்கிட்ட இருக்கற அந்த வீடியோவைப் போன்ல பாத்தா நீ வெங்காயம் உரிக்கறதுதான் இருக்கு, எடுத்தவர் அவராச்சே.

மாத்தினா படம் வந்துடும், அப்புறம் அதுல நீ மட்டும்தான் இருப்பே. கறுப்பா இருக்கறவரைக்கும் அவர் உள்ளதான் எங்கேயோ நிக்கறார்னு தோணுது.

கூப்பிடறாங்க. அந்த ஒண்ணை மட்டும் நான் மாத்தலைம்மா.

உன் மகன்