புவனா, கவிதா எங்கே?

என் உயிர் மச்சாள் புவனாவுக்கு,

கடல் உன்னைக் கொண்டுபோய் ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. இத்தனை நாளும் நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் மகள் சுகமாக இருக்கிறாள் என்று தொடங்க முடிகிற ஒரு நாளில் எழுதுவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாள் இன்னும் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை, ஊர்ப் பதிவுகளைப் பார்க்கிற விதானையார் ஒரு பத்திரத்தோடு வீட்டுக்கு வருகிறார். அதற்கு முன் உன்னிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

சண்டை முடிந்துவிட்டது புவனா. முடிந்து ஒரு வருடமாகிறது. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று சொல்கிறார்கள். கவிதாவுக்கும் எடுக்கச் சொல்கிறார்கள். உன் பிள்ளைக்கு இப்போது இருபது வயது. இருபது வயது என்றுதான் எழுதுவேன், இருந்தால் இருபது என்று எழுத மாட்டேன்.

நாம் இரண்டு பேரும் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற கனவில் வாழைச்சேனையில் இங்கிலீசு வகுப்புக்குப் போனோமே, அது உனக்கு நினைவிருக்கிறதா? வாகரையிலிருந்து பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கும்போது இடுப்பு கழன்றுவிடும். மிஸ் அச்சடித்துத் தந்த ரோனியோத் தாளில் ஒரு அறையின் படம் இருந்தது. வெயர் இஸ் த கேட்? பூனை எங்கே? இட் இஸ் அண்டர் த டேபிள். மேசைக்குக் கீழே.

"மேசையே இல்லாத ஊட்டுல பூனைய எங்க கா வைக்கிற?" என்று என் காதுக்குள் கேட்டாய். நான் சிரித்து மிஸ்ஸிடம் ஏச்சு வாங்கினேன். வீட்டுக்கு வந்து மீன் வெட்டும்போதும் நீ விடவில்லை. வெயர் இஸ் த நைஃப் என்பாய். கையில்தான் கத்தி இருக்கும்.

எல்லாவற்றையும் எங்கே, எங்கே என்று கேட்கப் பழகிய நீ, ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வாய் திறக்க மறுத்தாய். வெயர் ஆர் யூ கோயிங்? நீங்கள் எங்கே போகிறீர்கள்? ஒருத்தி எழுந்து கதவடிக்குப் போக வேண்டும், மற்றவள் இதைக் கேட்க வேண்டும். நான் கதவடியில் நிற்கிறேன், நீ கல்லு மாதிரி இருக்கிறாய்.

"வெளிக்கிட்டு நிக்கிற ஆள எங்க எண்டு கேக்கிறல்ல மிஸ். போற காரியம் சரிவராது."

"இங்கிலீசில கேட்டாப் பறவாயில்ல."

"இங்கிலீசில கேட்டாலும் போறது இவள்தானே மிஸ்."

வகுப்பே சிரித்தது. கடைசியில் மிஸ் உனக்காக ஒரு கேள்வியை உண்டாக்கித் தந்தார். இஸ் இட் ஃபார்? தூரமோ? நம் ஊரில் கேட்கிறபடியே.

அந்த மார்கழி லீவுக்குத்தான் கவிதாவையும் கூட்டிக்கொண்டு, சுகமில்லாமல் கிடந்த பெரியம்மாவைப் பார்க்க வெல்லாவெளிக்குப் போனேன். அதனால் கடல் ஊருக்குள் ஏறியபோது நாங்கள் இரண்டு பேரும் தப்பினோம். மூன்றாம் நாள் உன்னைக் களப்புக் கரையில் கண்ணா மரப் பற்றைக்குள்ளிருந்து எடுத்தார்கள். நெஞ்சிலடித்து அழுதேன். ஆனாலும் உன்னை எடுத்தோம், குளிப்பாட்டினோம், எந்தப் பூவரச மரத்தடியில் கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. உன் காலடியில் நின்றுதான், இவளை நான் பார்ப்பேன் என்று சொன்னேன். நீ கேட்டாயா?

பார்க்கத்தான் செய்தேன், மச்சாள். இரண்டு வருடம் என் வயிற்றில் பிறந்தவள் போலப் பார்த்தேன். பிறகு சண்டை மூண்டு, செல்லடி வாகரைக்கே வந்தது. காட்டு வழியால் நடந்து, ஆற்றைக் கடந்து, வாழைச்சேனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வளவில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். பிள்ளைகள் காணாமல் போகிற காலம் அது. இரவில் அவளுடைய பாவாடை நுனியை என் கையில் சுற்றிக்கொண்டுதான் படுப்பேன்.

ஒரு காலை நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். ஈர விறகு, ஒரே புகை. நிமிர்ந்து பார்த்தால் கவிதா தலை வாரி, நீலச் சட்டை போட்டு, கையில் ஒரு பையோடு வெளிக்கிட்டு நிற்கிறாள்.

"தூரமோ மகள்?" என்று கேட்டேன்.

"இல்ல மாமி, கிட்டத்தான். வாறன்."

"ஓம், கெதியா வா."

அவ்வளவுதான். எங்கே என்று நான் கேட்கவில்லை. நல்லபடியாகப் போய்வரட்டும் என்றுதான் கேட்காமல் விட்டேன். ஊர் பற்றி எரிகிற நேரத்தில் எனக்குச் சகுனம் பெரிதாக இருந்தது, புவனா. சந்தியில் ஒரு வாகனத்தில் ஏறினாள் என்றார் ஒருவர். இல்லை, தைக்கப் பழகும் இடத்துக்குப் பெயர் கொடுக்கப் போனாள் என்றார் இன்னொருவர். வன்னியில் கண்டதாக ஒரு கதை பின்னால் வந்தது. வாயைத் திறந்து ஒரு சொல் கேட்டிருந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

இனிச் சொல்லப்போவதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அவள் போய் நாலாம் நாள் காணாமல் போனவர்களைப் பதிய ஒரு வெள்ளைக்காரப் பெண் முகாமுக்கு வந்தாள். மொழிபெயர்க்கிறவரை வழியில் மறித்துவிட்டார்களாம். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. நம்முடைய ரோனியோத் தாளை நம்பி அவள் முன்னால் போய் நின்றேன்.

"வெயர் இஸ் மை டோட்டர்?"

மருமகளுக்கு இங்கிலீசு எனக்குத் தெரியாது. மகள் என்றே சொன்னேன். நீ கோபிக்க மாட்டாய்.

அவளுக்கு விளங்கியது. பேனையைத் திறந்துகொண்டு மெதுவாகத் திருப்பிக் கேட்டாள். உன் மகள் போகும்போது எங்கே போகிறேன் என்று சொன்னாள்? எனக்கும் விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம். கேட்கவில்லை என்று சொன்னால் இவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? எங்கே என்றுகூடக் கேட்காதவள் என்ன தாய் என்று பதியாமல் விட்டுவிட்டால்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நியர் த பிரிட்ஜ்."

பாலத்தடி. அவள் அப்படியே எழுதினாள். அந்தப் பொய் பிறகு எல்லாக் கடதாசியிலும் ஏறியது. பாலத்தடியில் தேடினார்கள், பாலத்தடிக் கடைகளில் விசாரித்தார்கள். வேறு எங்கும் தேடவில்லை. அது பிழை என்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், புவனா. சொன்னால் பொய்க்காரி என்று கோப்பையே மூடிவிடுவார்கள் என்று பயந்தேன்.

அதற்குள் நாங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தோம்; சண்டை முடிந்ததும் வன்னிச் சனத்தை வைத்திருந்த வவுனியா முகாம்களுக்கு மூன்று தரம் போனேன். முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவளுடைய படத்தைத் தூக்கிக் காட்டினேன். அங்கே நின்ற எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி மெலிந்திருந்தார்கள். எனக்கே என் பிள்ளையை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று ஒவ்வொரு முகமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

போன கிழமை விதானையார் பத்திரத்தைக் காட்டினார். நல்ல மனுசன்தான், எனக்கு அலைச்சல் குறையட்டும் என்று நினைக்கிறார். அதில் இறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.

"இதுக்கு என்னத்த எழுதுற, ஐயா?" என்றேன்.

"கடைசியாக் கண்ட இடம் பாலத்தடி எண்டு பதிவில இரிக்கி தங்கச்சி. அதையே போடுவம். திங்கக்கிழம வாறன், ஒப்பம் மட்டும் வெச்சாக் காணும்."

நான் பயத்தில் சொன்ன ஒரு பொய்யில் உன் பிள்ளையைச் சாகடிக்கப் போகிறார்கள், மச்சாள். அவள் அந்தப் பாலத்தடிக்குப் போகவே இல்லை என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவள் உன்னிடம் வந்துவிட்டாளா? வந்திருந்தால் ஏதாவது ஒரு வழியில் எனக்குத் தெரியப்படுத்து, நான் தாங்கிக்கொள்வேன். வரவில்லை என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம், பேசாமல் இரு. இதை எழுதி நிறுத்திவிட்டு, விடிந்ததிலிருந்து மதியம் வரை உன் பூவரச மரத்தடியில் இருந்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஒப்பம் வைக்க மாட்டேன். பாலத்தடி பொய், நான் அவளை எங்கே என்று கேட்கவே இல்லை, அதை வெட்டிவிட்டு முதலிலிருந்து தேடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். ஊர் என்னைக் காறித் துப்பட்டும். இது உன்மேல் சத்தியம்.

உன் பிள்ளையைத் தொலைத்த,
உன் மச்சாள் தங்கேஸ்